மாவுச்சட்டி வைத்த ஆம்ப்ளிஃபயர்

நான் ஒரு ஆம்ப்ளிஃபயரை வாங்காமல் விட்ட கதை இது. வாங்கிய சாமானைப் பற்றிப் பெருமையடிக்க ஆளுக்குப் பத்துக் கதை இருக்கும். வாங்காத ஒன்றைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அது இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியும் லேசுப்பட்ட கனமில்லை. இரண்டு பேர் பிடித்தால்தான் வாசல்படி தாண்டும்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வீடு, சீசன் வந்தால் குற்றாலத்தில் லாட்ஜ்காரர்கள் போடுகிற மேடை என்று ஓடிக்கொண்டிருந்தது. பகலில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பேன், சாயங்காலம் ரிதம் கிதார். லீட் கிதார் வாசித்தவர் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவி எனக்கு மைனி. மேலகரத்தில் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை, அவர்கள் இரண்டு பேர்தான்.

அண்ணனிடம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் கிளப்பில் வெள்ளைக்கார மேனேஜர் யாரோ விட்டுப்போனது. கிளப்பைக் காலி செய்தபோது கேட்டு வாங்கி, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டால் உடனே சத்தம் வராது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் வால்வு என்கிற நாலு கண்ணாடிக் குப்பிகளில் மெதுவாகச் செந்நிறம் ஏறும். நான் அவசரப்பட்டுக் கம்பியைத் தட்டினால், "பொறுலே, சூடாகட்டும்" என்பார். ஒரு நிமிஷம் கழித்து முதல் சத்தம் வரும். என்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதற்கு முன்னால் தகர டப்பா. அவர் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினால், எண்ணெய் ஒழுகுவதுபோல அது இழை அறாமல் நின்றுகொண்டே இருக்கும்.

எனக்குப் பொறாமை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் வாசிப்பின் மேல்கூட அவ்வளவு இல்லை, அந்தப் பெட்டியின் மேல்தான்.

மைனிக்கு அந்தப் பெட்டியால் வேறொரு பிரயோஜனம் இருந்தது. சாரல் காலத்தில் மேலகரத்தில் நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் தலைகாட்டாது. துணி காயாது, இட்லி மாவு புளிக்காது. அண்ணன் சாயங்காலம் வாசித்துக்கொண்டிருக்கும்போது பெட்டியின் மேல்பலகை நன்றாகச் சூடேறும். ஒருநாள் மைனி மாவுச்சட்டியைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்துவிட்டார். அண்ணன் துள்ளிக் குதித்தார்.

"ஏட்டி, கரண்டுப் பெட்டி மேல மாவைக் கொண்டாந்து வைக்கியே! பொங்கி உள்ள இறங்குனா கச்சேரியும் கிடையாது, இட்லியும் கிடையாது."

"ஒரு நா பாப்போமே, என்ன குடியா முழுகிரும்?" என்றார் மைனி.

மறுநாள் இட்லி பூவாக இருந்ததாம். அதற்கப்புறம் சுவிட்சைப் போடுமுன் அண்ணனே, "இன்னைக்கு மாவு இருக்காட்டி?" என்று கேட்டுக்கொள்வார். மாவு இருந்தால் அரைமணி நேரம் கூடுதலாக வாசிப்பார். நாலைந்து வருஷத்தில் அந்த மேல்பலகை முழுக்க வட்ட வட்டமாகக் கறை ஏறிவிட்டது.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு வைகாசி மாதம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம் என்று வீட்டிலேயே நாட்களைக் கடத்திவிட்டு, முற்றிய பிறகுதான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இடையில் குற்றாலத்தில் ஒரு மேடை ஒப்புக்கொண்டிருந்தோம். லீட் நான் வாசிக்க வேண்டியதாயிற்று. "என் பெட்டியையே எடுத்துட்டுப் போலே, உன் டப்பாவைக் கொண்டுபோய்க் குழு மானத்தை வாங்காத" என்று கட்டிலில் படுத்தபடி சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் மெல்லிய சாரல். மேடைக்கு மேல் தார்ப்பாய். என் விரல், அந்தச் சத்தம். வாசித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு நினைப்பு வந்தது: அண்ணன் எழுந்து வராவிட்டால் இது எனக்குத்தான். வந்த வேகத்தில் போய்விட்டது. நானும் உதறிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். பத்தாம் நாள் அண்ணன் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மைனி என்னைக் கூப்பிட்டனுப்பினார். சுரண்டையில் இருக்கிற அவர் தம்பி வீட்டோடு போகப்போகிறார், மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"தம்பி, அந்தப் பெட்டியை நீங்க வாங்கிக்கிடுங்க. குடுக்கிறதைக் குடுங்க. வேற ஆளுக்குக் குடுக்க எனக்கு மனசு வரலை."

ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த ஒரு வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வால்வு போனால் மதுரைக்குத்தான் போகவேண்டும், அங்கேயும் கிடைக்குமோ கிடைக்காதோ. கொடை மேடைகளில் சீரியல் பல்பு போட்டதும் வோல்டேஜ் இறங்கி அது முனகும். தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும். இப்படிக் காரணங்களை வரிசையாக அடுக்குவேன். அடுக்கி முடித்ததும் அந்தச் சத்தம் காதுக்குள் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். கையில் பணமும் இருந்தது. உண்மையில் வாங்கவிடாமல் தடுத்தது ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கி என் வீட்டில் வைத்தால், அவர் சாவுக்காகக் காத்திருந்து எடுத்துக்கொண்டவன் ஆகிவிடுவேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலகரம் போனேன். நான் வருவது தெரிந்து மைனி முன்கூட்டியே சுவிட்சைப் போட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். அண்ணன் எனக்காக அப்படித்தான் செய்வார். கிதாரைச் சொருகி ஒரு கம்பியை மீட்டினேன். அதே சத்தம், ஒரு குறையும் இல்லை. மைனி அடுக்களை வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த சாமானைத்தான் குறை சொல்லுவோம். சந்தையில் மாட்டைப் புகழ்கிறவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர். கொம்பு கோணல், நடை சரியில்லை என்று ஆரம்பிக்கிறவர்தான் மடியில் பணத்தோடு வந்தவர். அதனால் யாரும் அந்தக் குறைகளைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நானும் குறை சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம், மைனி அதைச் சந்தைப் பேச்சு என்று நம்பாமல் விட்டுவிட்டுப் பெட்டியைத் தன்னோடு சுரண்டைக்குக் கொண்டுபோய்விடுவார், அண்ணன் நினைவாக அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"பழைய காலத்துச் சாமான் மைனி. வால்வெல்லாம் தேஞ்சுபோச்சு, சத்தம் உடையுது. இதுக்குன்னு ஒரு விலையே கிடையாது. மேல பாருங்க, ஒரே கறை வேற."

கறை என்றதும் மைனி அந்தப் பலகையைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் ஒரு வட்டத்தைத் துடைத்துப் பார்த்தார். அது போகவில்லை.

"அப்படியா தம்பி? எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

அந்த சீசன் முழுக்க என் டிரான்சிஸ்டர் பெட்டியில்தான் லீட் வாசித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் ஒவ்வொரு பாட்டிலும் அந்தச் சத்தம் இல்லாதது கேட்டுக்கொண்டே இருந்தது. தப்புச் செய்துவிட்டோம் என்று மெல்ல மெல்லப் புரிந்தது. அந்தப் பெட்டி இன்னொரு வீட்டு மூலையில் ஊமையாக இருப்பதை அண்ணன் விரும்பியிருக்கமாட்டார். மைனியிடம் போய் எல்லாவற்றையும் சொல்வது, அந்த மேடையில் வந்த நினைப்பையும் சேர்த்துச் சொல்வது, திட்டினால் வாங்கிக்கொள்வது, பெட்டியையும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஐப்பசியில் ஒருநாள் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுரண்டைக்குப் பஸ் ஏறினேன்.

மைனி மெலிந்திருந்தார். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஊர்ப்பேச்சுப் பேசிவிட்டு, "மைனி, அந்தப் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அதையா கேக்குதீங்க? வீட்டைக் காலி பண்ணும்போதே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன் தம்பி. செம்புக் கம்பிக்குத்தான் காசுன்னான். அங்கன முத்தத்துல வச்சே உடைச்சு எடுத்தான். கண்ணாடிக் குப்பி நாலையும் குப்பையில தட்டிட்டுப் போனான்."

சந்தைப் பேச்சு என்பது வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில்தான். மைனி என்னை வாங்க வந்தவனாகப் பார்க்கவே இல்லை. வீட்டு ஆள் சொன்னதை வீட்டு ஆள் கேட்பதுபோல அப்படியே நம்பியிருக்கிறார். வாசிக்கத் தெரிந்தவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

"எனக்கு ஒரே ஒரு ஆறுதல் தம்பி" என்றார் மைனி. "அவுக கடைசி வரைக்கும் அதைப் பெரிய பொக்கிசம்னே நெனச்சுக்கிட்டு இருந்தாக. ஆஸ்பத்திரியிலகூட, பெட்டி மேல மழைத்தண்ணி படாமப் பாத்துக்கன்னுதான் சொன்னாக. உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும், அது ஒண்ணுக்கும் ஆகாத சாமான்னு. ஆனா அவுககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? நெனைச்சு நெனைச்சுப் பாக்குதேன். அந்த மனசு யாருக்கு வரும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். சொல்ல வந்ததை இனி எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவர் தன் கையாலேயே எதை உடைக்கக் கொடுத்தார் என்று தெரிந்துபோகும். அவருக்கு மிச்சமிருந்த அந்த ஒரு ஆறுதலும் போய்விடும்.

"ஆமா மைனி, சொல்ல மனசு வரலை" என்றேன். காப்பி ஆறியிருந்தது. இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லாமல் முழுக்கக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பினேன்.