என் பென்சில் எழுதிய நாடி

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பதினைந்து வயதான என் மகன் ஒரு கால்பந்துக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தான். அவர்களுடைய கோச் எங்கோ பயிற்சி எடுத்துவிட்டு வந்து, ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். பையன் காலையில் கண் விழிக்கும் முன்பே நாடி பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வீட்டார் எழுத வேண்டும். துடிப்பு கூடினால் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை அதைப் பார்த்துத்தான் யாரை அதிகம் ஓடவிடுவது, யாரை உட்காரவைப்பது என்று முடிவு செய்வார்.

நான் கூச்சப்படுகிறவள். அவர் வந்து சொல்லிக்கொடுத்தபோது கதவுக்குப் பின்னால் நின்று, என் மணிக்கட்டிலேயே பழகிக்கொண்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் எண்ணத் தெரியும்.

முதலில் ஐம்பத்தெட்டு, அறுபது என்று வந்தது. கடிகாரத்தின் டிக் டிக்கும் அவன் நாடியும் ஏறக்குறைய சேர்ந்தே போகும். பிறகு ஒரு வாரம் எழுபதைத் தாண்டியது. அப்படியே எழுதினேன். கோச் அவனை உட்காரவைத்துவிட்டார்.

“உன்னாலதாம்மா! ‘தாத்தா, நாற்காலி போடவா’ன்னு எல்லாரும் கேலி பண்றானுங்க,” என்று அழுதான். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

அதன் பிறகு நான் பொய் எழுத ஆரம்பித்தேன். என்ன வந்தாலும் ஐம்பத்தெட்டு, இல்லையென்றால் அறுபது.

கோச்சுக்கு ஒரே சந்தோஷம். “உங்க மகன் குதிரை மாதிரி, அக்கா! இன்னும் நாலு ரவுண்டு கூட்டிட்டேன்,” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன்.

தூங்குகிற பிள்ளையின் கை அசையாமல் கிடக்கும். அதற்குள்ளே மட்டும் யாரோ ஓடிக்கொண்டே இருப்பார்கள். எண்பது. எண்பத்தாறு. போர்வைக்குள் பாதங்கள் பந்தைத் தள்ளும். “பாஸ் குடுடா” என்பான், அவனுடையதே அல்லாத ஒரு குரலில். தண்டவாளத்தைத் தாண்டி இருட்டில் வருகிறானே, ஏதாவது தொட்டிருக்குமோ என்று திருநீறு பூசினேன். பொய்யை மட்டும் நிறுத்தவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. விடிகாலையில் வழக்கம்போல் கையைப் பிடித்தேன். படபடவென்று ஓடிய நாடி சட்டென்று நின்றது. கடிகாரம் மட்டும் தனியாக அடித்தது. ஒன்று. இரண்டு. மறுபடியும் நாடி ஓடியது. மறுபடியும் நின்றது. அவன் கண்கள் பாதி திறந்திருந்தன. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் யார் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கட்டியிருந்த கைலியோடு, நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று வரிசை தள்ளியிருந்த கோச் வீட்டுக்கு ஓடினேன். அதுவரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதே இல்லை.

“எல்லாம் பொய், சார். நாந்தான் எழுதுனேன்.”

“எதுவரைக்கும் நெஜம், அக்கா?”

பக்கங்களைப் புரட்டி, ஆறு வாரத்துக்கு முந்திய ஒரு வரியைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, இதை நம்பித்தானே அவனை ஓடவிட்டேன்!”

அவர் காரில்தான் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனோம். காய்ச்சல் உள்ளுக்குள்ளேயே இருந்திருக்கிறது, அதோடு ஓடி ஓடி இதயம் வீங்கிவிட்டது, இறுதி ஆட்டம் ஆடியிருந்தால் திடலிலேயே விழுந்திருப்பான் என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டான். ஆனால் மாதக்கணக்கில் பந்தைத் தொடவிடவில்லை.

கோச் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ தாழ்வாரத்தில் குரலைத் தாழ்த்தி, “பையன்கிட்ட சொல்லாதீங்க, அக்கா. காய்ச்சல்னே இருக்கட்டும் லா. நாளைக்கும் உங்க கையாலதானே அவன் சாப்பிடணும்,” என்றார்.

மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. காய்ச்சல் வந்து இறுதி ஆட்டம் கைவிட்டுப் போனது என்றுதான் தன் பிள்ளைகளிடம் இன்றும் சொல்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்ல இத்தனை வருடமும் எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வாசகர்கள் எழுதும் இந்தப் பக்கத்தை அவன் விடாமல் படிப்பான் என்பதால்தான், ஒருமுறையாவது உண்மையை எழுதிவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன்.