அவர் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை

மதியச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் ஐந்தாறு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தோம். சிலோன் டீச்சரின் போன் அடித்தது. வவுனியாவிலிருந்து அவருடைய கொழுந்தனார். முதலில் “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, “இல்லை, நான் வைக்க மாட்டன்” என்றார். இரண்டாம் முறையும் அதையே சொல்லிவிட்டு போனை வைத்தார். என்ன விஷயம் என்று நாங்கள் நச்சரித்த பிறகுதான் சொன்னார். சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போன அவர் கணவரை இறந்துவிட்டதாகப் பதிந்து சான்றிதழ் வாங்கிவிட்டால் காணி விஷயமெல்லாம் சுலபமாக முடியுமாம். அதற்கு மனைவியின் கையெழுத்து வேண்டுமாம். “நான் கையெழுத்து வைச்சா, நானே அவரைச் சாகடிச்ச மாதிரி எல்லோ” என்று சொல்லிவிட்டு மிச்சமிருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்கு எப்போதுமே வாய் ஜாஸ்தி. மேசையைத் தட்டி, “போடாதீங்க டீச்சர்! யாரு வந்து கேட்டாலும் போடாதீங்க. உங்க வூட்டுக்காரர் இருக்காரு. வருவாரு பாருங்க” என்றேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சிலோன் டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்கள் ஒராள்தான் அக்கா இப்பிடிச் சொல்லுறது” என்றார். அன்று முழுக்க எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் முதலில் குத்துகிறது.

எங்கள் பள்ளி செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சின்னத் தனியார் பள்ளி. சண்டை முடிவதற்கு இரண்டு வருடம் முன்னால், கைக்குழந்தையோடு இலங்கையிலிருந்து படகில் வந்து ஊருக்கு வெளியே இருந்த முகாமில் தங்கியவர் சிலோன் டீச்சர். கணவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. சொந்த ஊரில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். சான்றிதழ் எதையும் கொண்டுவர முடியாததால் இங்கே எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து பிளஸ் டூ படித்த என் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். என் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தாள் என்றால் அது அவர் போட்ட பிச்சை. அவர் என்னைக் கூப்பிட்டது ‘அக்கா’ என்று. நான் கடைசிவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டேன். தங்கச்சி என்று கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை.

சண்டை நடந்த வரைக்கும் எங்கள் ஊரே சிலோன்காரர்களுக்காக அழுதது. கடையடைப்பு, ஊர்வலம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. முகாமிலிருந்து வருகிறவர் என்று தெரிந்தால் ஷேர் ஆட்டோவில் எழுந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு. சண்டை முடிந்தது. சுவரில் ஒட்டிய போஸ்டர்கள் மழையில் கரைந்ததும் எல்லாரும் டீச்சரிடம் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: “அதான் சண்டை முடிஞ்சிடுச்சே, எப்ப ஊருக்குப் போறீங்க?” பள்ளியில் ஆயா கேட்டது, பூக்காரம்மா கேட்டது, பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்கள் கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, “அவர் வந்தவுடனை போவம்” என்பார்.

அவர் சும்மா காத்திருந்தவர் இல்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் லண்டன், கனடா என்று குடியேறிய சிலோன்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சண்டை முடிந்த பிறகு அவர்கள் வரத்து இன்னும் கூடியது. வெயில் தாழ்ந்ததும் டீச்சர் அடி அண்ணாமலை பக்கம் போய் நிற்பார். கூட்டம் பேசிக்கொண்டே நடக்கும். அதில் தன் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் போதும், ஓடிப்போய் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நீட்டுவார். “இவரை எங்கையாவது கண்டனீங்களோ?” இரண்டு முறை நானும் கூடப் போயிருக்கிறேன். சிலர் போட்டோவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்கள். சிலர் நிற்காமலே தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். ஒரு வயதான அம்மா டீச்சரின் நெற்றியைப் பார்த்து, தாலியைப் பார்த்து, “பொட்டை அழிச்சுப் போடாதை, பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியே இல்லை.

சில வருடம் கழித்து, கல்யாணமான என் மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள். பதினொரு சுமங்கலிகள் வளையல் போட வேண்டும் என்று கணக்கு. அதில் சிலோன் டீச்சர் ஒருவர் என்று என் மகள் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள். அவரும் வந்தார். முகாமில் அன்றைக்கு ஆள் கணக்கெடுப்பு; அதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, பட்டுப்புடவை இல்லாததால் இருந்ததில் நல்லதைக் கட்டிக்கொண்டு, ஒரு டப்பா நிறையப் பயத்தம் உருண்டையும், பெரிய கோயில் தெருவில் வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜனும் எடுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு.

ஏழாவது ஆள் போட்டுக்கொண்டிருந்தபோது சம்பந்தி அம்மா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “அந்த சிலோன் அம்மாவுக்கு வூட்டுக்காரர் இருக்காரா? இல்லைனு யாரோ சொன்னாங்களே. மாசமா இருக்குற பொண்ணு, அப்புறம் ஏதாவது ஒண்ணுன்னா நாம தாங்க மாட்டோம், பாத்துக்குங்க.”

“இருக்காரு” என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆசிரியர் அறையில் மேசையைத் தட்டிச் சொன்னேனே, அதே வார்த்தை. வாய் ஜாஸ்தி என்று பெயரெடுத்தவள், அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி அம்மா மேல் பழியைப் போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அது இல்லை. அவர் கேட்டதும் எனக்கே பயம் வந்தது. ஒருவேளை டீச்சரின் கணவர் நிஜமாகவே செத்திருந்தால்? என் மகளின் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சீச்சீ, என்ன பொம்பளை நான்!

நேராக டீச்சரிடம் போனேன். “டீச்சர், அடுப்படியில ஆளே இல்ல. புளிசாதம், தேங்கா சாதம் எல்லாம் அப்படியே கெடக்கு. கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?” என்றேன். அடுப்படியில் என் தங்கையும் சமையல்காரம்மாவும் அவர் மகனும் இருந்தார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் கூடம்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் என் முகத்தையே பார்த்தார். கையிலிருந்த வளையல் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். “நீங்களே போட்டுவிடுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் இடத்தில் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பதினொன்றை நிரப்பினேன். சிலோன் டீச்சர் எங்கே என்று கேட்ட மகளிடம், “அவங்களுக்கு உள்ள வேலை இருக்கும்மா” என்றேன். பந்தியில் எல்லாருக்கும் டீச்சர்தான் பரிமாறினார். சம்பந்தி அம்மா இலையில் இரண்டாம் தடவை தேங்காய் சாதம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தபோது, “வணக்கம் மேடம்” என்றார். அதன் பிறகு நான் ‘அக்கா’ இல்லை. சண்டை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, என் வகுப்புக்கு சாக்பீஸ் தீர்ந்தால் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார். ஒன்றரை வருடம் அப்படியே போனது. பிறகு தன் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கே திரும்பிப் போனார். அங்கே இருந்து தேடினால்தான் கணவர் கிடைப்பார் என்றாராம். வழியனுப்ப எல்லா டீச்சர்களும் போனார்கள். நான் தலைவலி என்று லீவு போட்டேன்.

என் கணவர் போன வருடம் தவறிப்போனார். மூன்று மாதம் முன்பு என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நான் கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “நீ போடாம யாரும்மா போடறது? வா.” நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சம்பந்தி அம்மாவும் வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை அவரே என் பக்கம் நகர்த்தி, “வாங்க சம்பந்தி, இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறாங்க” என்றார். காலம் எனக்காக எவ்வளவு சுலபமாக மாறிக்கொடுத்துவிட்டது! நான் வளையல் போட்டேன். யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. நான் போட்டதில்தான் ஒரு வளையல் உடைந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் அவங்களோட மாசம் ஒருவாட்டி பேசிட்டுதாம்மா இருக்கேன். ஒருநாள் கூட இதைச் சொல்லல” என்றாள். பிறகு அவளே நம்பரைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

“அக்கா, சுகமா இருக்கிறியளோ?” என்று கேட்டார் சிலோன் டீச்சர். எத்தனை வருடம் கழித்து அந்த ‘அக்கா’! அவர் கணவரைப் பற்றித் தட்டுத்தடுமாறிக் கேட்டேன். “அவர் இன்னும் வரேல்லை” என்றார். வருவாரு டீச்சர் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாளாக மனசுக்குள் கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. அவர்தான் பேசினார்.

“உங்கட அவர் போனதை மகள் சொன்னவ. நீங்கள் பொட்டை எடுக்க வேண்டாம், என்ன? எல்லா விசேஷத்துக்கும் போங்கோ. ஆராவது உங்களை அடுப்படியைப் பாருங்கோ எண்டு சொன்னா, போகாதேங்கோ அக்கா.”

எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் ரோட்டை எப்படிக் கடப்பது என்று சொல்வாரே, அந்தக் குரல்தான். கோபம் கொஞ்சமும் இல்லை. “சரிங்க” என்றேன். நான் போனை வைக்கவில்லை. அவரும் லைனிலேயே இருந்தார்.