செவலைக்குத் தெரியாத சிவப்பு

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. உடம்பு சரியில்லையா, ஊருக்குப் போய்விட்டீர்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. எங்கள் வீட்டு நாய் செத்துப்போனது.

ஒரு நாய் செத்ததற்கா ஒரு வாரம் லீவு? கேட்கத்தான் தோன்றும். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அதைக் கொன்றது நான். அதனால்தான் எழுத உட்கார இத்தனை நாள் ஆனது.

அதன் பெயர் செவலை. நாட்டு நாய். உடம்பு முழுக்கச் செம்மண் நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் தெரு வரும். தெருவைத் தாண்டினால் வயல்தான். அம்மா வயலுக்குக் கிளம்பினால் செவலையும் கிளம்பும். பின்னால் இல்லை – முன்னால் போகும். வரப்பில் பாம்பு கீம்பு கிடந்தால் தன்னைவிட அதற்குத்தான் முதலில் தெரியும் என்று அம்மா நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் இருட்டு பிரியும் முன்பே வரப்பில் கால் வைப்பாள்.

இப்போது சம்பா பயிர் பொதி கட்டுகிற, கதிர் உள்ளே உருண்டு வெளியே வரக் காத்திருக்கிற நேரம். உங்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்தச் சமயத்தில்தான் எலி இறங்கும். தின்றுவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. கடித்துச் சாய்த்துவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் வயலின் நடுவே யாரோ பாய் விரித்துப் படுத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

அப்பா முதலில் கிட்டி என்கிற எலிப்பொறி வைத்துப் பார்ப்பார். அதற்கும் அடங்காவிட்டால் மருந்து. பொரியும் கருவாட்டுத் தூளும் கலந்த உருண்டைகள், வரப்போரமாக எலி வளைக்கு ஒன்று. சாயங்காலம் வைத்துவிட்டு, விடிந்ததும் மிச்சத்தைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுவார். மூன்று நாள் இப்படி.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. மருந்துப் பாக்கெட்டில் இருக்கிற முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் எது எவ்வளவு கொடியது என்று தெரிந்துகொள்வார். சிவப்பு என்றால் முடிந்தது கதை. அதனாலோ என்னவோ, மருந்து வைத்த இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டு, அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். புல் அறுக்கிற பெண்கள், வாத்து மேய்க்கிறவர்கள், எல்லோருக்கும் அந்தக் குச்சி தெரியும். சிவப்பைப் பார்த்தால் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

மனிதர்களுக்குத் துணி. நாய்களுக்கு? அதற்கு அப்பாவே வீடு வீடாகப் போவார்.

“இன்னிலேருந்து மூணு நாளைக்கு நாயைக் கட்டிப் போடுங்க. மருந்து வைக்கிறேன்.”

அவர் சொன்னால் கட்டிவிடுவார்கள். தெருவில் அப்பாவின் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. எங்கள் வீட்டு நாயும் அந்த மூன்று நாளும் கயிற்றில்தான் கிடக்கும்.

இந்த வருஷம் நான் குறுக்கே விழுந்தேன்.

போன வருஷம் கட்டிப் போட்டபோது செவலை கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டது. மூன்று நாளும் ஊளை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள். காலேஜையும் முடித்தவள். முதல் தலைமுறை பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. அதை அடக்கமாக மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். படித்த பெண் இருக்கிற வீட்டில் நாயைக் கயிற்றில் கட்டி மிரட்ட வேண்டுமா? பழக்கிவிட்டால் போகிறது!

பழக்கினேன். வீட்டு முன்னால் சிமெண்ட் வாசலில் ஒரு குச்சி, அதில் சிவப்புத் துணி, கீழே ஒரு கருவாட்டுச் சோற்று உருண்டை. செவலை வாய் வைக்கப் போனால் “ச்சீ! தள்ளு!” என்று அதட்டுவேன். துணி இல்லாத குச்சிக்குக் கீழே இருந்தால் தின்ன விடுவேன். ஐந்தே நாள். ஐந்தாம் நாள் துணிக்கு ஓரடி முன்னால் நின்று, என் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். ஹார்ட் ஹார்ட்டாக வந்து விழுந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன பாப்பா, நாயையும் காலேஜுல சேத்துட்டியா?”

“சேத்தாச்சுக்கா. உங்க ரோஸியையும் அனுப்புங்க.”

“அய்யோ, எங்களுக்கு ஃபீஸ் கட்டி மாளாதுடி ஆத்தா. நாங்க கயித்துலயே கட்டிக்கிறோம்.”

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன இருந்தாலும் அது நாய் பாப்பா.”

“நாய்க்கும் படிப்பு ஏறும்ப்பா. நீங்களே பாத்தீங்கல்ல? கட்ட வேணாம். நான் சொல்றேன்ல.”

நான் சொல்றேன்ல... இந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ரேஷன் கார்டிலிருந்து பேங்க் வரை நான் சொன்னதைத்தான் அப்பா கேட்டு வந்திருக்கிறார். அன்றும் கேட்டார். கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, தெருவில் இறங்கி, நாயைக் கட்டிப் போடுங்கள் என்று ஊருக்குச் சொல்லப் போனார்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. அம்மா விடிந்து நேரமாகித்தான் வயலுக்குப் போனாள். அதற்குள் அப்பா மிச்சத்தை எல்லாம் பொறுக்கியிருந்தார். அதை நான் என் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்!

இரண்டாம் நாள் விடியற்காலையில் தூறல் போட்டது. தண்ணீர் ஏறிவிடுமோ என்று மடையைப் பார்க்க அம்மா அவசரமாகக் கிளம்பினாள். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. செவலை வழக்கம்போல முன்னால் ஓடியது. அம்மா துணியைப் பார்த்தாள், ஒதுங்கி நடந்தாள். செவலை வரப்போரமாக மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றதையும் பார்த்தாள். நண்டு வளையை மோந்து பார்க்கிறது என்று நினைத்தாளாம். “வாடா டேய்” என்று கூப்பிட்டுவிட்டு நடந்திருக்கிறாள். அதுவும் வந்திருக்கிறது, நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வாந்தி. அப்புறம் கால்கள் விறைத்தன. அப்பா ஓடிப் போய் வாந்தியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சாக்கில் கிடத்தி ஆட்டோவில் மன்னார்குடிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அதன் தலை அம்மா மடியில் இருந்தது. வலிப்பு வரும்போதெல்லாம் அம்மா ஆட்டோக்காரரைத் திட்டினாள். “பள்ளத்துல எறக்காதய்யா, பள்ளத்துல எறக்காதய்யா...” ரோட்டில் பள்ளமே இல்லை.

டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வயிற்றைக் கழுவினார், ஊசி போட்டார், டிரிப்ஸ் ஏற்றினார்.

“இந்த மருந்துக்கு மாத்து மருந்து கிடையாதுங்க. சீக்கிரமாத்தான் வந்திருக்கீங்க. இருந்தாலும் பாப்போம்.”

அப்புறம் கேட்டார். “மருந்து வைக்கிற நேரத்துல கட்டிப் போடுவாங்களே. யாரு அவுத்து விட்டது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

“நாந்தான் டாக்டரம்மா. கட்ட மறந்துட்டேன்.”

மறந்துவிட்டாராம். ஒவ்வொரு குச்சியும் எங்கே நட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்!

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த அறையில் என் வயதுடைய, என்னைப் போலவே படித்த ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் முட்டாளாக நிற்க எனக்கு மனசு வரவில்லை. காரணம் அவ்வளவு சின்னது.

பத்து மணி வாக்கில் செவலை செத்துப்போனது.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். யாரோ செய்த காரியத்தைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டேன். சிவப்புத் துணியைக் காட்டி ஒரு நாயைப் பழக்கினால், அது வயலிலும் அந்தத் துணிக்குப் பயப்படாதா?

“சிவப்பா?” என்றார். “நாய்க்குச் சிவப்பு தெரியாதுங்களே.”

கறுப்பு வெள்ளையாகத்தானே தெரியும் என்றேன். அதுவும் தப்பாம். நாய்க்கும் நிறம் தெரியும். ஆனால் நம்மைவிடக் குறைவு. அங்கே இருந்த பொருட்களையே காட்டிச் சொன்னார்.

“இந்த நீல வாளி அதுக்குப் பளிச்சுன்னு தெரியும். மஞ்சளும் தெரியும். ஆனா இந்தச் சிவப்பு மக்கையும் அந்தப் பச்சை ஸ்கிரீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சீங்கன்னா, அதுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மங்கல்தான். ஒரு மாதிரி பழுப்பு மஞ்சள்.”

“ஆனா வீட்டு சிமெண்ட் வாசல்ல பயந்துச்சே?”

“வெள்ளை சிமெண்ட்டுல வெச்சா கறுப்பா ஏதோ ஒண்ணு நிக்கிறது தெரியும். காத்துல ஆடுனாலும் தெரியும். பச்சைப் பயிருக்கு நடுவுல, மழையில நனைஞ்சு குச்சியோட ஒட்டிக் கெடந்தா எப்படித் தெரியும்? தவிர, பக்கத்துல நின்னு அதட்டியிருப்பாங்கள்ல? அது துணிக்குப் பயப்படலங்க. அதட்டுனவங்களுக்குப் பயந்துருக்கு.”

ஓரடி முன்னால் நின்று என் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததே... அது பாடத்தைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்திருக்கிறது.

போன பொங்கலுக்கு ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்திருந்தேன். வாய்க்கால் கரைப் புல்லில் எறிந்தால், கண்ணெதிரே கிடக்கும் பந்தைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்துத் திரியும். “மக்கு” என்று தலையில் தட்டுவேன். எது மக்கு?

உங்களில் நாய் வளர்க்கிறவர்கள் இதை மட்டும் தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சிவப்பாக அடுக்கி வைத்திருப்பது நம் கண்ணுக்காக. நாய்க்குப் பந்தோ தட்டோ வாங்கினால் நீலத்தில் வாங்குங்கள். புல்லில் தேடுகிற நாயைத் திட்டாதீர்கள். எந்த நிறத்தையும் நம்பி, எவ்வளவு பழக்கிய நாயாக இருந்தாலும், விஷம் வைத்த வயல் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள். நீலத் துணியும் காப்பாற்றாது. கருவாட்டு வாசனைக்கு முன்னால் எந்தத் துணியும் நிற்காது. கயிறுதான் காப்பாற்றும். கழுத்துப் புண் ஆறிவிடும்.

செவலையை வாய்க்கால் மேட்டில் புதைத்தோம். மண்ணைத் தள்ளிக்கொண்டே, டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். நிறத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். மற்றது வாயில் வரவில்லை. அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வயலையே பார்த்தார்.

“அப்போ பச்சையெல்லாம் அதுக்குப் பழுத்த மாதிரித்தான் தெரிஞ்சிருக்குமா?”

“அப்படித்தான் சொல்றாங்கப்பா.”

“வருஷம் முழுக்க அறுப்புக் காலமாட்டம் இருந்திருக்கும், பாவம்” என்றார். மறுபடி மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு நாயின் கதையாக எழுதியிருப்பேன்.

புதைத்த அன்று சாயங்காலம் அப்பா மருந்து வைக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் எலி மறுபடி இறங்கியது. மறுபடியும் வீடு வீடாகச் சொல்லப் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வீட்டில் ஒருவர், பெயர் வேண்டாம், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஊருக்கெல்லாம் சொல்றீங்க பெரியவரே... மொதல்ல உங்க வீட்டு நாயைக் கட்ட ஞாபகம் இருந்துச்சா?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டார். “வயசாகுதுல்ல” என்று ஒரு குரல்.

அப்பாவும் சிரித்தார். “ஆமாப்பா, மறதி வந்துடுச்சு” என்றார். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டு நாய்கள் தெருவில் அவிழ்ந்தே திரிந்தன. அப்பா மருந்து வைக்காமல் திரும்பி வந்தார். எலி தின்கிறது, தின்னட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லை இந்தத் தெரு கேட்காவிட்டால் அவரால் மருந்து வைக்க முடியாது. மருந்து வைக்காவிட்டால் இந்த சம்பா இல்லை.

வாசலிலிருந்து அந்தக் கடைசி வீடு முப்பது தப்படி. நடந்து போய் “மறந்தது அவர் இல்லை, வேண்டாம்னு சொன்னது நான்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கட்டுரைப் போட்டியில், பேச்சுப் போட்டியில் வாங்கிய கப்புகளை வீட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த முப்பது தப்படி எனக்கு நடக்க வரவில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்தி வருகிற பத்திரிகையை எங்கள் தெருவில் நாலு வீட்டில் வாங்குகிறார்கள். அப்பா எதையும் மறக்கவில்லை. கயிற்றோடு நின்றவரிடம் கட்ட வேண்டாம் என்றவள் நான். டாக்டரிடம் அவர் சொன்னது பொய் – எனக்காகச் சொன்ன பொய். அவர் கட்டச் சொன்னால் கட்டுங்கள்.

வாரா வாரம் இந்தப் பத்தியை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். பிடிக்காத வரி வந்தால் சத்தமில்லாமல் தாண்டிவிடுவேன், அவருக்குத் தெரியாது.

இந்த வாரம் ஒரு வரியையும் தாண்டப் போவதில்லை.