பலகையில் முதல் பெயர்

கண்ணாடிக்காரியின் நாற்பத்திரண்டு வயதில் அடி வாங்காத வருஷம் என்று ஒன்று கிடையாது. சின்ன வயதில் அப்பன் அடித்தான். கல்யாணமானதும் புருஷன் அடித்தான். அவன் வேறொருத்தியோடு போய்ச் சேர்ந்த பிறகு கேட் பட்டறை முதலாளி அந்தக் குறையைத் தீர்த்து வைத்தான். வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டால் திட்டமாட்டான். கையில் இருக்கிற துண்டு இரும்பால் முழங்கையில் ஒன்று போடுவான். அப்படித்தான் அவள் தொழில் கற்றாள். எடுபிடியாகச் சேர்ந்தவள், மாஸ்டர் குடித்துவிட்டு வராத நாட்களில் ராடு பிடிக்கிற ஹோல்டரைக் கையில் எடுத்து, கடைசியில் மாஸ்டரே வெட்கப்படுகிற அளவுக்கு நேராகப் பற்றவைக்கப் பழகினாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடியே கடைத்தெருவுக்கும் போவாள், அதனால் அந்தப் பெயர். முன்பல் ஒன்று இல்லை. பத்தொன்பது வருஷ உழைப்புக்கு முதலாளி கொடுத்த சன்மானம் அது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அறக்கட்டளை ஒரு பட்டறை வைத்துக் கொடுத்தது.

அறக்கட்டளைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியவர்கள் அவர்கள்தான். நாற்பது பேருக்கு ஆஸ்பத்திரியிலும் கிடங்கிலும் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கருவி கொடுப்பது அந்த வருஷத்துப் புதுத் திட்டம். பக்கத்துப் பகுதியில் வேலைகளை வேண்டியவர்களுக்கே கொடுத்தார்கள் என்று முன்பு ஒரு பேச்சு கிளம்பியிருந்ததால், இந்த முறை எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கட்டும் என்று தேர்வு வைத்து, பெயர்களை மார்க் வரிசைப்படி பலகையில் எழுதித் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நட்டார்கள். வெல்டிங்குக்கு ஒரே ஒரு செட் கருவிதான். முதல் பெயர் கண்ணாடிக்காரி. இரண்டாவது பெயர் அவளுடைய தங்கை புருஷன்.

அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு விதி. கருவியை வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் தொழிலைக் கைவிட்டாலோ, அடிதடி வழக்கில் சிக்கினாலோ, கருவிகள் அடுத்த பெயருக்கு மாற்றப்படும். மனிதர்களுக்குப் பொறுப்பு வரும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். என்ன வரும் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். யாரையும் கேட்கவில்லை.

தங்கை புருஷனும் வெல்டர்தான். வீட்டில் எல்லாரும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிடுவார்கள். அவனும் சாகிறவரை மாப்பிள்ளையாகவே இருந்துவிடலாம் என்ற நினைப்பில் இருந்தான். பலகை நட்ட மூன்றாம் நாளே பட்டறைப் பூட்டு உடைந்து கிடந்தது. அடுத்த வாரம் மெஷினின் கேபிளை யாரோ நாலு துண்டாக நறுக்கியிருந்தார்கள். கண்ணாடிக்காரி புது கேபிள் போட்டாள்.

பொருளை உடைத்தால் அவள் கடையை மூடமாட்டாள் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை ரூட்டை மாற்றினான். ஒருநாள் டீக்கடை வாசலில் அத்தனை பேர் பார்க்க அவள் கால் விரல்களின் மேல் தன் பூட்ஸை வைத்து அழுத்தினான்.

"என்னக்கா, வலிக்குதா? கோவம் வந்தா ஒரு அடி அடிங்க. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

நகம் பிய்ந்து ரத்தம் செருப்பில் ஊறியது. அவள் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு நொண்டி நொண்டி வந்தாள். அடி வாங்குவதில் அவளுக்கு இருந்த பயிற்சி அவனுக்குத் தெரியவில்லை. வாங்கி வாங்கி மரத்துப்போன உடம்பு அது. அங்கே வலிக்காது என்று புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு மாதம் ஆனது. அதன் பிறகு எங்கே வலிக்குமோ அங்கே கை வைத்தான்.

தங்கை பட்டறைக்கு வந்தபோது உதடு கிழிந்திருந்தது. அடுத்த முறை இடது கண் திறக்கவில்லை. அதற்கடுத்த முறை சுண்டுவிரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தாள். கதவிடுக்கில் வைத்து மூடியிருக்கிறான்.

"மெஷின குடுத்துத் தொலைச்சிடுறேன்டி. எனக்கு எதுக்கு இந்தச் சனியன்?" என்றாள் கண்ணாடிக்காரி.

"குடுத்தா மட்டும் என்ன? கை நெறைய வேலை வரும், குடி கூடும், அடியும் கூடும். நீ விட்றாதக்கா."

"அப்ப பிள்ளைங்களக் கூட்டிட்டு என்கிட்ட வந்துரு."

"பிள்ளைங்கள விடமாட்டேங்கிறான். பள்ளிக்கூட வாசல்லயே வந்து நிக்கிறான்."

மாதம் ஒருமுறை நோட்டும் கையுமாக மேற்பார்வைக்கு வருகிற அறக்கட்டளைப் பெண்ணிடம் கண்ணாடிக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போலீஸ்ல ஒரு புகார் குடுங்கம்மா."

"குடுத்தா அவனும் என்மேல ஒண்ணு குடுப்பான். கேஸ்னு வந்துட்டா உங்க விதிப்படி என் பேரு அடிபட்டுப் போகுமா, போகாதா?"

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். "மேல கேட்டுச் சொல்றேம்மா" என்றாள். கேட்டிருப்பாள். பதில் வரவில்லை.

ஆறு மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. காலை பதினொரு மணி. ஒரு பள்ளிக்கூட கேட்டைத் தரையில் கிடத்தி, பற்றவைத்த இடத்தில் படிந்த கசடைத் தட்டிக்கொண்டிருந்தாள் கண்ணாடிக்காரி. மாப்பிள்ளை தன் பெண்டாட்டியைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவோடு இழுத்துக்கொண்டு வந்தான். பட்டறை வாசலில் தள்ளி, விலாவில் மிதித்தான். அவள் எழுந்திருக்கப் போனாள். முகத்தைப் பிடித்து ஷட்டரின் ஓரத்தில் மோதினான். தகரம் அதிர்ந்த சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பார்த்ததோடு சரி.

"உங்க தங்கச்சிதான அக்கா. வந்து கேளுங்க" என்றான்.

கண்ணாடிக்காரி இரண்டு இஞ்ச் இரும்புக் குழாயைக் கையில் எடுத்தாள். வாசலுக்கு வந்தாள். தலைக்கு மேல் ஓங்கினாள். மாப்பிள்ளை நகரவில்லை. சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து காட்டினான். சாட்சிக்குத் தெருவே நிற்கிறது. அவன் எதற்காக ஆறு மாதம் பாடுபட்டானோ அது இதோ வந்துவிட்டது.

பதினொரு நாள், என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. கை தானாக இறங்கியது. அந்த நேரத்தில் அவளுக்குத் தங்கையின் முகம் தெரியவில்லை, மெஷின்தான் தெரிந்தது. இதை எந்தச் சாக்குச் சொல்லியும் மூடி மறைக்க முடியாது. அவளும் மறைக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு ஏமாற்றம். கீழே கிடந்தவளின் வயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டான்.

தங்கை கொஞ்ச நேரம் அப்படியே சுருண்டு கிடந்தாள். பிறகு தரையில் கிடந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். கேட்டின் மேல் கசடு தட்டுகிற சுத்தியல் இருந்தது.

"நீ உள்ள போக்கா. உன் பேருதான் பலகையில இருக்கு, என் பேரு இல்ல" என்றாள்.

முதல் அடி அவன் வலது மணிக்கட்டில் விழுந்தது. அவன் கத்தியபடி கையை நெஞ்சோடு அணைத்தான். அவள் அந்தக் கையையே தேடித் தேடி அடித்தாள். எலும்பு நொறுங்குகிற சத்தம் எதிர்க்கடை வரை கேட்டது. அவன் மண்டியிட்டு விழுந்த பிறகு முழங்காலில் ஒன்று. முகத்தில் ஒன்று. அவள் அழவில்லை, திட்டவில்லை. செய்கிற வேலையைச் சரியாகச் செய்கிறவள் மாதிரி அடித்தாள். நாலு ஆண்கள் சேர்ந்து பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை. ஆறு மாதமாக ஒரு கையும் நீளாத தெருவில் அன்றைக்கு எட்டுக் கைகள் வந்தன.

ஸ்டேஷனில் அவள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான்தான் அடிச்சேன். எங்கக்கா கிட்டக்கூட வரல."

அது உண்மை. தெருவே சாட்சி.

மாப்பிள்ளையின் வலது கை பிறகு ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்கவில்லை. நீதிமன்றம் தங்கைக்கு மூன்று வருஷம் போட்டது. பிள்ளைகள் இரண்டும் பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தன. வழக்கு முடிவதற்கு முன்பே, ஆறு மாதம் முடிந்த அன்று கருவிகள் கண்ணாடிக்காரிக்கே சொந்தமாயின. அறக்கட்டளைக்காரர்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் முதல் பெயர்களை உறைக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள்.

முதல் மாதமே கண்ணாடிக்காரி சிறைக்குப் பார்க்கப் போனாள். நடுவில் கம்பி வலை. ஓரங்களில் பற்றவைப்பு கோணல்மாணலாக இருந்தது. யாரோ அவசரத்தில் செய்த வேலை.

"மெஷின் ஓடுதா?" என்று கேட்டாள் தங்கை.

"ஓடுது."

"பிள்ளைங்க ஒழுங்கா சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடுதுங்க. சின்னவன் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கண்ணாடிக்காரி அந்தக் கோணல் பற்றவைப்பை விரலால் தடவினாள். நேரம் முடிந்தது என்று காவலாளி குரல் கொடுத்தபோதுதான் கண்ணாடிக்காரிக்கு வாய் திறந்தது.

"நான் ஓங்கின கைய இறக்கிட்டேன்டி."

தங்கை எழுந்து நின்றாள்.

"பாத்தேன்க்கா" என்றாள்.