தாத்தா பார்க்கிற நாடகம்

எத்தனை பேர் எந்த நாடகத்தைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பவர்களை நான் நம்புவதில்லை. அவர்களுடைய கணக்கு எங்கள் வீட்டு வாசலில் குப்புற விழுந்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

யுத்தம் முடிந்த பிறகு சிங்கள அலைவரிசை ஒன்றில் ஒரு ஜப்பான் நாடகம் போனது. தாய் தகப்பன் இல்லாத உடன்பிறப்புகளை மூத்தவள் வளர்க்கிற கதை. சிங்களத்தில்தான் பேசினார்கள், எங்கள் கற்பிட்டியில் அது யாருக்கும் தடையில்லை. பொழுதுபட்டதும் மஃரிப் தொழுத கையோடு தாத்தா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிடுவாள். தாத்தா என்றால் எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்கா. எங்களை வளர்த்ததும் அவள்தான். அதனால் அந்த ஜப்பான்காரிக்கு உரிமையோடு ஏசுவாள். "இவளுக்கு வாயில்ல. ரெண்டு போட்டிருந்தா அந்தத் தம்பி வூட்ட விட்டுப் போவானா?"

தாத்தாவின் சொந்தத் தம்பி, எனக்கு நானா, அதாவது அண்ணன், நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் யார் முதலில் தண்ணீர் இறைப்பது என்று தொடங்கிய சண்டை. இரண்டு பெருநாள் வந்துபோயும் பேச்சில்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம் அவித்தால் அவருக்கென்று ஒரு கோப்பை எடுத்து வைப்பாள், அனுப்பமாட்டாள். வைராக்கியத்தில் இருவரும் ஒரே அச்சு. தாத்தா உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள், எனக்குத் தெரியும்.

அப்போதுதான் கணக்கெடுக்க ஒரு பிள்ளை வந்தாள். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, தமிழ் ஓரளவு வரும். ஆட்கள் பார்ப்பது குறைவென்றால் நாடகத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்களாம்.

"நிப்பாட்டுறதா?" தாத்தா பதறிப்போனாள். "அந்தத் தம்பி இன்னும் வூட்டுக்கு வரல்லையே!"

அந்தப் பிள்ளை மற்ற வீடுகளுக்கும் போய்விட்டுக் குழம்பிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, உங்க வாப்பா எங்க?"

"வாப்பா மௌத்தாகிக் கனகாலம்."

"அப்ப அந்த வீட்டு அய்யா பொய் சொன்னது." நானாவின் வீட்டைக் கைகாட்டினாள். "அவர் நாடகம் பாக்கிறது இல்லயாம். ஆனா நிப்பாட்ட வேணாம் எண்டு சொன்னது. இந்த வீட்டுல எங்கட தாத்தா பாக்குறது எண்டு சொன்னது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன், எங்கள் பேச்சில் வாப்பா. விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது தாத்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எங்கட தாத்தா எண்டா சொன்னான்?"

"ஓம்."

அன்று மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடவில்லை. கணக்குப்படி பார்த்தால் நாடகத்துக்கு ஒரு வீடு நட்டம். தாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் ஓடினேன்.

நானாவின் வாசலிலேயே அந்த நாடகத்துப் பாட்டுக் கேட்டது. பார்ப்பதே இல்லை என்று சொன்ன மனிதர் முன் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி அந்தக் கதிரையைத் தாத்தாவின் பக்கம் தள்ளினார். தாத்தா இருந்துகொண்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்:

"தம்பி வந்திட்டானா?"

"இன்னும் இல்ல," என்றார் நானா. "தாத்தாதான் வந்திரிக்கா."