காதில் வைத்தால் கேட்காத போன்

ஜூன் 15, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குடிதண்ணீர் வரும் நாள் — எட்டுக் குடம் பிடித்தேன். ஏழு மணிக்குப் பேப்பர். எட்டரைக்கு இட்லி. ஒன்பதே முக்காலுக்குப் போனைத் துடைத்து, எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தினேன். பத்து மணிக்கு வாசுதேவநல்லூரிலிருந்து மச்சான் கூப்பிடுவார். என் மனைவி சரோஜாவின் அண்ணன்.

டம்ளர் எதற்கு என்கிறீர்களா? போனுக்கு வயது ஆறு. திரையில் ஒரு பச்சைக் கோடு. மதியத்துக்குள் இரண்டு முறை சார்ஜ். எட்டு மாதமாகக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டால்தான் உண்டு. டம்ளருக்குள் வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடும்.

ரிப்பேர் செலவுக்குப் புதுசே வாங்கிவிடலாம் என்றார் மொபைல் கடைக்காரர். கோவையிலிருக்கும் மகளும் அதையே சொன்னாள். டைரியில் திங்கட்கிழமைப் பக்கத்தில் குறித்துவிட்டேன்: 'முதல் வேலை — புது போன்.'

மச்சானும் சரோஜாவும் பேசி மூன்று வருடமாகிறது. மகள் கல்யாணப் பத்திரிகையைத் தாய்மாமனுக்குத்தானே முதலில் வைக்க வேண்டும்? நாங்கள் வழியில் புளியங்குடியில் இறங்கி, என் அக்காவுக்கு வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போனோம். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்கு வந்தார். தாய்மாமன் சீர் ஒன்றும் குறை வைக்கவில்லை... பந்தியில் மட்டும் உட்காரவில்லை. மாப்பிள்ளை உங்களுக்குத் தோன்றாது, கூடப் பிறந்தவளுக்குத் தெரிய வேண்டாமா என்று என்னிடமே வருத்தப்பட்டார். கோபமெல்லாம் அவள்மேல்தான். எனக்கு ஞாயிறுதோறும் போன்.

ஸ்பீக்கர் விஷயம் தெரிந்தபிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. குரலை உயர்த்தி, நிதானமாகப் பேசுகிறார். பிரஷர் மாத்திரையை விடாமல் போடணும் என்கிறார். எனக்குப் பிரஷர் கிடையாது. ஊறுகாயைக் குறைக்கணும் என்கிறார். நான் ஊறுகாயே தொடுவதில்லை. இங்கே, பத்து மணி ஆனால் அடுப்படியில் மிக்ஸி நின்றுவிடும். அரிவாள்மணையும் அவரைக்காயுமாக சரோஜா முன்னறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

தினமும் டைரி எழுதுகிறவன், இதைக் கவனித்தேனா? இல்லை.

நாளைக்குப் புது போன் வாங்கப்போகிறேன், இனி காதிலேயே வைத்துப் பேசலாம் என்று மச்சானிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவரைக்காய் நறுக்குகிற சத்தம் நின்றது.

"இப்ப என்னத்துக்கு மாப்ளே? நல்லாத்தானே கேக்குது" என்றார் மச்சான்.

"அதானே" என்றாள் சரோஜா, அவரைக்காயைப் பார்த்தபடி. "நல்லா இருக்கிற போனை எதுக்கு மாத்தணுமாம்?"

மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம், இந்த ஓட்டைப் போன்!

சாயங்காலம் பழைய டைரியை எடுத்தேன். பத்திரிகை வைக்கவேண்டிய பட்டியல் — என் கையெழுத்தில், நம்பர் போட்டு, பஸ் போகிற வரிசையில். ஒன்று, புளியங்குடி அக்கா. இரண்டு, வாசுதேவநல்லூர் மச்சான். அண்ணனுக்கு முதலில் வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது புளியங்குடியில் இறங்கலாமே என்று சரோஜா அன்றைக்கே சொன்னாள். பட்டியலைக் குழப்பாதே என்றது நான். அதை அவள் அண்ணனிடம் சொல்லவே இல்லை. என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

நானும்தான் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிற என் மாதிரி ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுதியாகிவிட்டது, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம்.

திங்கள் காலை, ஐந்தரை மணி. டைரியில் 'புது போன்' என்பதை அடித்தேன். பழையது முழு சார்ஜில் இருந்தது. நான் போடவில்லை. டம்ளருக்குள் நிறுத்தி, வாசுதேவநல்லூருக்குப் போட்டேன்.

"மச்சான், அந்தப் பத்திரிகை வரிசை நான் போட்டது. உங்க தங்கச்சி அன்னைக்கே சொன்னா. நான்தான் கேக்கல."

அடுப்படியில் மிக்ஸி நின்றது. சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

மச்சான் கேட்டார்: "ஸ்பீக்கர்லதானே இருக்கு?"

"ஆமா மச்சான்."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளியே போங்க மாப்ளே."