மகள் செக்கிழுத்த ஊர்வலம்

எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. கப்பல் விட்டவர் என்றால் போதும். துறைமுகத்துக்கு அவர் பெயர், கல்லூரிக்கு அவர் பெயர், சாலைக்கு அவர் பெயர். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் நான் அந்தப் பெயரைத் தினமும் டைப் அடிக்கிறேன். ஆனால் அந்த மனிதரைப் பற்றி நினைத்ததில்லை. என் மகளுக்கு அவர் வேஷம் கிடைத்த பிறகுதான் நினைத்தேன்.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடம், அதனால் மீசை வைத்த தலைவர்கள் எல்லாருமே பெண்பிள்ளைகள்தான். சுதந்திர தின ஊர்வலத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு லாரியை அலங்கரித்து அனுப்பும். இவர்கள் லாரியில் டிரைவர் உட்காரும் முன்பக்கம் முழுவதும் தெர்மாகோல் கப்பல். பின்னால் சிறைச்சாலை. அதன் நடுவே ஒரு மரச்செக்கு. அந்தச் செக்கை என் மகள் இழுக்க வேண்டும்.

வசனம் கிடையாது. ஆனாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் கேள்விதான். "வக்கீலும்மா அவரு. அவரைப் போயி ஏன் மாடு மாதிரி கட்டுனாங்க?" நான் தேடிப் படித்துச் சொன்னேன். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி நொடித்து, எந்த வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ அவனிடமே கப்பலை விற்றுவிட்டார்கள் என்பார்கள். விடுதலையான அன்று சிறைவாசலில் வரவேற்கக் கூட்டமே இல்லையாம். மகளுக்குக் கப்பல் போனதுதான் தாங்கவில்லை. எனக்கு அவர் தம்பியின் கதை. தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் அந்தத் தம்பிக்குப் புத்தி பேதலித்துப் போனதாம். சிறைக்குப் போனவர் ஒருவர். உடைந்தது வெளியே நின்றவர். 

பள்ளியில் செய்த சங்கிலி காகிதத்தில் கறுப்புச் சாயம் பூசியது. என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. பழைய துறைமுகத்தின் பக்கம் தோணிகளுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை அவருடையது.

"இது என்னளா, கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருக்கு? நம்ம கடையில இல்லாத சங்கிலியா?"

"அவளுக்கு இளைப்பு இருக்குங்க. இரும்பெல்லாம் வேண்டாம்."

"இடுப்புலதான கட்டப்போறோம், மூக்குலயா?" என்றார். மகள் சிரித்தாள். அப்பா கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

ஊர்வலத்தன்று காலையில் அவர் கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு தண்டல், அதாவது தோணியை ஓட்டிப்போகிற தலைவர், வந்து சங்கிலியை மாட்டிவிட்டார். மகளின் இடுப்பைச் சுற்றி எடுத்துச் செக்கின் உலக்கையோடு சேர்த்து, இரண்டு முனையையும் ஓர் இரும்பு வளையத்தில் கோத்துத் திருகாணியை முறுக்கினார். அதோடு விடவில்லை. திருகாணியின் கண்ணுக்குள் கம்பியை நுழைத்து, முறுக்கி முறுக்கிக் கட்டினார்.

"கம்பி எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"கடல்ல ஆட்டத்துக்குத் திருகாணி தானா கழண்டுரும்க்கா. கம்பி போட்டாத்தான் நிக்கும். லாரியும் ஆடத்தான செய்யும்?"

கடலில் சரக்குக் கட்டிப் பழகிய கை. சரக்கு அவிழக்கூடாது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கட்டிவிட்டு அவர் தோணிக்குப் போய்விட்டார். என் கணவர் வியாபாரிகளோடு ஊர்வலத்தின் முன்வரிசைக்குப் போனார். நான் கைப்பையில் மகள் இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்துக் குப்பியை, அவள் சொல்லும் பஃப்பை, வைத்துக்கொண்டு லாரிக்குப் பக்கமாகவே நடந்தேன்.

பீச் ரோட்டில் லாரி நின்றது. முன்னால் ஏதோ வண்டி பழுது. வெயில் ஏற ஏற நிழலே இல்லை. உப்புக்காற்றோடு மண் பறந்தது. மேலே காவலர் வேஷத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளும் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என் மகள் உலக்கையில் கையை ஊன்றித் தோள்களைத் தூக்கினாள். தூக்கிய தோள் இறங்கவில்லை. எனக்குத் தெரியும் அது என்னவென்று. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை.

என்னைத் தேடினாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணீர் மீசை மையைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

கூட்டம் கை தட்டியது.

"நடிப்புன்னா இதுல்லா நடிப்பு!" என்றார் ஒருவர். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ பூ எறிந்தார்கள். "வழி விடுங்க, அவளுக்கு மூச்சு முட்டுது" என்று கத்தினேன். ஸ்பீக்கரில் ஓடிய தேசபக்திப் பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். அந்தக் கைக்குக் கீழே குனிந்து போய், டயரில் கால் வைத்து ஏறினேன்.

"பெஞ்சாதியும் வந்தாச்சு டோய்!"

"அந்தக் காலத்துல ஏதுலே சுடிதாரு?"

கூட்டம் சிரித்தது. நான் பஃப்பை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். மருந்து கொஞ்சம் உள்ளே போயிற்று. ஆனால் அவள் குனிந்திருந்ததால் சங்கிலி வயிற்றில் ஏறி இறுகியிருந்தது. "கழட்டும்மா" என்றாள், காற்றாக. நகத்தால் கம்பியைப் பிரிக்கப் பார்த்தேன். விரல் கிழிந்தது, கம்பி அசையவில்லை. காவலர் வேஷப் பிள்ளைகள் பயந்து ஓரமாக ஒட்டிக்கொண்டார்கள். இரும்பைக் கடித்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

லாரி என்றால் டிரைவரிடம் கட்டிங் பிளேயர் இருக்கும். ஆனால் டிரைவர் கப்பலுக்குள்ளே இருந்தார். கண் மட்டத்துக்கு ஒரு ஓட்டை விட்டு, கதவோடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தார்கள். தட்டினேன், கேட்கவில்லை. முஷ்டியால் குத்தினேன். தெர்மாகோல் வெள்ளைப் பொரியாகப் பறந்தது. பிள்ளைகள் நாலு நாள் உட்கார்ந்து செய்த கப்பலைக் கை கையாகப் பிய்த்து ரோட்டில் எறிந்தேன். அப்போதுதான் கூட்டத்தின் கைதட்டல் நின்றது.

"ஏ, யாரது கப்பலை உடைக்கது?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, பிளேயர்! பிள்ள செத்துருவா!"

ஜன்னல் வழியாகவே பாதி உடம்பை வெளியே எடுத்து ஏறி வந்தார். கம்பியை வெட்டித் திருகாணியைத் திருப்பினார். சங்கிலி விழுந்தது. வழிமறித்த அதே போலீஸ்காரர்தான் அவளைத் தோளில் வாங்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானது. மாஸ்க்குக்கு உள்ளே தெரிந்த பாதி மீசையோடு தூங்கினாள். என் கணவர் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு நிறைய இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வெளியே நின்று உடைந்த அந்தத் தம்பி ஞாபகம் வந்து, அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

அந்த லாரிக்குத்தான் முதல் பரிசு. உயிரோட்டமான நடிப்பாம்.

இது நடந்து சில மாதம் ஆகிறது. இப்போதும் யாராவது கை தட்டினால் மகள் எங்கே என்று திரும்பிப் பார்க்கிறேன். போன வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். குடியரசு தினத்துக்கு அதே காட்சி, அதே பிள்ளை வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் எதிரே நின்று, அப்படிச் சொல்லாதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போவேன். காகிதச் சங்கிலியே போதும்."

"வேண்டாம்ளா."

"அவருக்குத்தான் கேக்க ஆளில்ல. எனக்கு நீ இருக்கேல்லா?"

"நான் எப்பவும் ஏறி வர முடியுமா?"

"அப்ப முதல்லயே ஏறி நில்லு. ஜெயிலர் வேஷம் ஒண்ணு காலியா இருக்கு." சிரித்தாள். "உனக்கு மேக்கப்பே வேண்டாம்மா. வீட்டுல பாக்கேன்ல."

போனில் டீச்சர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் பேசவில்லை.